பெஞ்சை யார் நகர்த்துவது? வகுப்பறைகளைப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் பள்ளிக்கூட வகுப்பறைகளுக்கு வரைபடம் போடுகிற பொறியாளர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும், அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளுக்கும், அதற்குப் பணம் தர முன்வருகிற நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை. வடசென்னையில் அரசு உதவி பெறும் ஒரு தொடக்கப் பள்ளியில் 29 வருடம் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றேன். இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாள் கதை சொல்லப் போய் வருகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பெயர் போட்டால் தலைமையாசிரியைக்குத்தான் விளக்கக் கடிதம் எழுதுகிற வேலை வரும்.

போன மாதம் அங்கே ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்திருந்தார். ஒரு நிறுவனம் வகுப்பறைகளைப் புதுப்பித்துத் தரப் போகிறதாம், அதற்கான வரைபடம். நெகிழ்வான வகுப்பறை, சுற்றுச்சூழலுக்கு உகந்த வகுப்பறை, பிள்ளைகள் பங்கெடுக்கிற வகுப்பறை என்று வரிசையாகப் படங்கள். முக்கோண மேசைகள், சக்கரம் வைத்த நாற்காலிகள், மூலையில் மூட்டை மாதிரி மெத்தைகள், எதிர்ச் சுவரில் பெரிய தொடுதிரை. மரியாதையான பிள்ளை. "மேடம், உங்க கருத்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "நல்லா இருக்கு தம்பி" என்றேன். சொல்ல வேண்டியதெல்லாம் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தத் தம்பி ஒருவருக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்தப் படங்களில் பிள்ளைகள் ஏற்கெனவே வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேசைகளை வட்டமாகப் போட்டது யார்? கணக்கு முடிந்து தமிழுக்கு வரும்போது மறுபடி நகர்த்துவது யார்? என் கேள்வி மொத்தமும் இதுதான். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகப் பிடித்து, ஆசிரியர் கை வைக்காமல், ஐந்து நிமிடத்தில், கீழ்த்தளத்து டீச்சர் மாடியேறி வந்து சண்டை போடாத அளவுக்குச் சத்தமில்லாமல் அந்த அறையை மாற்றிப் போட முடியுமா? முடியும் என்றால் தாராளமாகக் கட்டுங்கள்.

சண்டைக்கு வந்த டீச்சர் கற்பனை இல்லை. 2025 ஜூலையில் பள்ளிக்கல்வித் துறை வகுப்பறை இருக்கைகளை 'ப' வடிவில் போடச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மலையாளப் படத்தில் வந்த காட்சியிலிருந்து கிளம்பிய யோசனை அது. கடைசி பெஞ்ச் என்று ஒன்று இருக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். தொலைக்காட்சிகளில் இரண்டு நாள் விவாதம் ஓடியது, கழுத்து வலிக்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், அப்புறம் துறையே அதை நிறுத்தி வைத்துவிட்டது. அதற்குள் எங்கள் ஆசிரியை ஒருவர் ஆர்வமாகப் போட்டுப் பார்த்துவிட்டார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

அறை இருபதடிக்கு இருபதடி. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து 38 பிள்ளைகள். மூன்று பேர் உட்காரும் பெஞ்சுகள், டெஸ்க்கும் பெஞ்சும் இரும்புக் குழாயில் ஒன்றாக வெல்டிங் செய்தவை. ஒரு பக்கம் வாசலுக்கு இடம் விட வேண்டும், இன்னொரு பக்கம் பீரோ. மூன்று சுவர்களை ஒட்டி மூன்று மூன்று பெஞ்ச்தான் பிடித்தது. 27 பேர் உட்கார்ந்தார்கள். மீதி 11 பேருக்கு நடுவில் நாலு பெஞ்ச் போட்டோம். 'ப' போடச் சொன்னார்கள், எங்களுக்கு வந்தது 'ய'. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சுவரோரம் உட்கார்ந்தவர்கள் கரும்பலகையைப் பார்க்கக் கழுத்தை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது. இரும்புக் கால்களை இழுத்த சத்தத்தில்தான் கீழ்த்தளத்து டீச்சர் மேலே வந்தார். சாயங்காலம் எல்லாவற்றையும் பழையபடி வரிசையாகப் போட ஐந்தாம் வகுப்புப் பையன்கள் ஆறு பேர் அரை மணி நேரம் இழுத்தார்கள். மறுநாள் யாரும் 'ப' பற்றிப் பேசவில்லை.

இதில் யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. வடிவத்தைச் சொன்னவர்கள் பெஞ்சின் எடையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வடிவத்தை எடுத்துவிட்டு இன்னொரு வடிவத்தை நிரந்தரமாகப் போடுவதற்கும் நெகிழ்வுக்கும் சம்பந்தம் இல்லை. கதைக்கு வட்டம், கணக்குக்கு நாலு நாலு பேராகக் கூட்டம், தேர்வுக்கு வரிசை, நாடகத்துக்கு நடுவில் வெற்றிடம். ஒரே நாளில் இத்தனையும் வேண்டும். அப்படி இருக்கிற அறையில் பெஞ்ச் லேசாக இருக்க வேண்டும், டெஸ்க்கிலிருந்து பிரிந்து வர வேண்டும், காலுக்கு அடியில் ரப்பர் வேண்டும். ரப்பரைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த வரைக்கும் முதல் வருடத்திலேயே கழன்று விழுகிற பொருள் அதுதான். கடையில் தனியாக வாங்கி மாட்டக்கூடிய அளவில் இருக்கட்டும்.

உயரத்தையும் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் நடுவே ஒரு சாண் உயர வித்தியாசம் இருக்கிறது. டெண்டரில் வருவதோ எல்லோருக்கும் ஒரே அளவு. சின்னப் பிள்ளைகளின் கால் தரையில் படுவதில்லை. நாள் முழுக்கக் கால் தொங்கினால் நீங்களும் நானும்கூட நெளிவோம். "ஆடாமல் உட்கார்" என்று நானே எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன்! இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். நீங்கள் புதிதாகக் கொண்டுவரப் போவதாகச் சொல்கிற வகுப்பறை சென்னையில் ஏற்கெனவே இருந்தது. நாங்கள்தான் அதைக் கொத்திப் போட்டோம்.

செயல்வழிக் கற்றல் என்று ஒரு முறை. ஆந்திராவில் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிக்காரர்கள் சுற்றுவட்டார கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய, பாடத்தைப் படிப்படியாக அட்டைகளில் பிரித்துத் தருகிற முறையிலிருந்து எடுத்து, 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்தார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்குப் பின்னால் நின்றார். 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது, எங்களுக்கும் அப்போதுதான். முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. பதினேழு வருடம் நின்றுகொண்டு பாடம் நடத்தியவளை "பாயில் உட்காருங்கள்" என்றால் எப்படி இருக்கும்? முழங்கால் வலி வேறு.

பெஞ்செல்லாம் வெளியே போனது. பிள்ளைகள் பாயில் குழுக்களாக உட்கார்ந்தார்கள். ஏணிப் படத்தில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, அட்டையைத் தானே எடுத்து வருவார்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியர் கூடவே இருப்பார், இன்னொரு குழுவில் பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித் தரும், ஒரு பக்கம் தனியாகப் படிக்கிறவர்கள். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவரவர் வரைந்த படங்கள் தொங்கும். வருகைப் பதிவைக்கூடப் பிள்ளைகளே குறித்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்துப்போனது கீழ்மட்டக் கரும்பலகை. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, மூன்றடி உயரத்துக்கு, சுவர்களைச் சுற்றிக் கறுப்புப் பூச்சு. அதில் கோடு கிழித்துப் பிள்ளைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு மேலே எண். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் யாருக்கு 'ண' தடுமாறுகிறது, யார் கடன் வாங்கிக் கழிப்பதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். முப்பது நோட்டைத் திருத்தினாலும் அது அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

பதினேழாம் எண் கட்டம் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. மழைக் காலத்தில் சாரல் அடித்து அந்தக் கட்டம் மட்டும் நனைந்துவிடும். அந்தக் கட்டத்துக்காரி வாயே திறக்காத பிள்ளை. "துடைச்சுட்டு எழுதும்மா" என்று சொல்லிவிட்டு நான் வேறு பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஈரத்திலேயே எழுதியிருக்கிறாள். எழுதும்போது எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது. காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று நின்றது. பக்கத்துக் கட்டத்துப் பையன் அதைப் பார்த்துவிட்டான். அடுத்த நாள் வகுப்பே தண்ணீர் பாட்டில் மூடியில் சாக்பீஸை நனைத்து எழுதிக்கொண்டிருந்தது. "ஏன் டீச்சர் காய்ஞ்சா வெள்ளையாகுது?" என்று கேள்வி வேறு. அவர்களுக்கு அறிவியல் பாடம் அன்றைக்குச் சுவரிலிருந்து வந்தது. பதினேழாம் எண்காரிக்கு முதல்முறையாக நாலு சிநேகிதிகள் கிடைத்தார்கள்.

குறைகளும் இருந்தன, மறைக்க மாட்டேன். அட்டைகள் தொலையும், பூச்சி அரிக்கும். "வீட்டுப்பாடம் எங்கே, புத்தகம் எங்கே" என்று பெற்றோர் கேட்பார்கள். மழை நாளில் தரை சில்லென்று இருக்கும். முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால் காங்கிரீட் அறை கிணறு மாதிரி எதிரொலிக்கும். அப்புறம் திட்டங்கள் மாறின, பாடப்புத்தகம் மாறியது, 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. முறைகள் வரும் போகும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. சுவர் போனதுதான் வருத்தம். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் வகுப்பறைக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு, துடைத்தால் பளபளக்கிற டைல்ஸ். எஸ்டிமேட்டில் இருந்தது, எங்களை யாரும் கேட்கவில்லை. எண் போட்ட கட்டங்களை மேஸ்திரி இரண்டே நாளில் கொத்தி எடுத்துவிட்டார். இப்போது அந்த அறையில் எழுதுகிற இடம் ஒன்றே ஒன்று, பெரியவர்களின் கைக்கு எட்டுகிற உயரத்தில். போன வாரம் ஒரு பொடியன் விரலைத் தண்ணீரில் நனைத்து டைல்ஸ் மேலே தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான்.

அதனால்தான் தொடுதிரையைப் பார்த்து நான் பெரிதாகக் குதிக்கவில்லை. திறன்மிகு வகுப்பறை வேண்டாம் என்று சொல்லவில்லை. எரிமலையை, திமிங்கலத்தை, இதயம் துடிப்பதை நான் கரும்பலகையில் என்ன வரைந்தாலும் காட்ட முடியாது. ஆனால் பிள்ளைகள் பங்கெடுக்கிறார்கள் என்று சொல்கிறீர்களே, அந்தத் திரையை ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் தொடும். மற்றவர்கள் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் அதுவும் இல்லை. விலை உயர்ந்த பொருளாயிற்றே, கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று "திரையைத் தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதன் பெயர் தொடுதிரை! இன்னொன்று, திரையை ஆணி அடித்துச் சுவரில் மாட்டியதுமே எல்லா பெஞ்சும் அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். சக்கரம் வைத்த நாற்காலியும் அப்புறம் நகராது. திரையை முன்சுவரில் மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்ட முடியுமா என்று யோசியுங்கள். கரும்பலகைப் பூச்சு ஒரு டப்பா வாங்கி மற்ற சுவர்களைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். முன் சுவர் என்ற ஒன்றே இல்லாத அறையில்தான் கடைசி பெஞ்சும் இல்லாமல் போகும்.

இடையில் ஒரு பழங்கதை. பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித் தருவதை நவீன முறை என்று அந்தத் தம்பி சொன்னார். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளின் அநாதை இல்லத்தைப் பார்த்துக்கொண்டார். இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டவர், தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். ஓர் எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சின்னவர்களுக்கு நீ சொல்லிக் கொடு என்று விட்டார், வேலை நடந்தது. ஊருக்குத் திரும்பி 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் அது பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்கிற மூத்த மாணவன் செய்துகொண்டிருந்த வேலைதான் அது. சட்டாம்பிள்ளை தலையில் கொட்டியதையும் பிரம்பால் அடித்ததையும் நான் திரும்பக் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். அப்புறம் 1939-ல் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தையே தூக்கிக்கொண்டு போகிற எடையில் நாற்காலி செய்ய வேண்டும் என்று அதற்கு முப்பது வருடம் முன்பே ரோமில் செய்து காட்டியவர். நாற்காலி லேசாக இருந்தால் கீழே விழுமே என்று கேட்டவர்களுக்கு, விழட்டும், அப்போதுதான் குழந்தை பக்குவமாக நடக்கப் பழகும் என்பது அவர் வாதம். அடையாற்றிலிருந்து எங்கள் பேட்டைக்கு ஒரு பஸ் தூரம்தான். இத்தனை வருடமாகியும் அந்த நாற்காலி இன்னும் வந்து சேரவில்லை.

சரி, உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். அதில் அந்த அறை வகுப்பறையாக மட்டும்தான் இருக்கிறது. எங்கள் அறைகளுக்கு வேறு பிழைப்புகளும் உண்டு. காலையில் அங்கேதான் காலை உணவு, மதியம் அங்கேதான் சத்துணவு. தியாகராய செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாநகராட்சி மதிய உணவு போட ஆரம்பித்ததிலிருந்து இந்த ஊர்ப் பள்ளிகளுக்குப் படிப்பும் சாப்பாடும் சேர்ந்தேதான். தனிச் சாப்பாட்டுக்கூடம் எத்தனை பள்ளியில் இருக்கிறது? சாம்பார் சிந்தும், ஆயா அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அலசிவிடுவார். அந்தத் தரையில் கார்ப்பெட்டும் துணி மெத்தையும் எத்தனை நாள் தாங்கும் என்று அந்தத் தம்பியிடம் கேட்டிருக்க வேண்டும்.

தேர்தல் வந்தால் அதுவே வாக்குச்சாவடி. பெஞ்சையெல்லாம் தாழ்வாரத்தில் அடுக்கிவிடுவார்கள், திரும்பி வரும்போது இரண்டுக்குக் கால் உடைந்திருக்கும். வெள்ளம் வந்தால் நிவாரண முகாம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எங்கள் வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கியிருந்தன. டெஸ்க்குகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் கைக்குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். இந்த நகரத்தில் பள்ளிக்கூடத்தைப் போல நெகிழ்ந்து கொடுத்த கட்டடம் வேறு எது?

2023-ல் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வந்த புது அலமாரிகள் ஊறிப்போன ரஸ்க் மாதிரி உப்பி உதிர்ந்துகொண்டிருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே இருந்த ஒரு தேக்குப் பெஞ்சை வெயிலில் காயவைத்து மறுபடி உள்ளே போட்டார்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று நீங்கள் எழுதும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் தேக்கு வாங்க முடியாது, தெரியும். ஆனால் கால் உடைந்தால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் சரிசெய்ய முடிகிறதா, பலகை போனால் நம் ஆசாரி ஒருவர் வேறு பலகை மாட்ட முடிகிறதா என்று வாங்குவதற்கு முன் கேட்கலாமே. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலி ஒரு இடத்தில் விரிசல் விட்டால் முழுசாகக் குப்பைதான். எங்கள் மாடிப்படிக்கு அடியில் அப்படி ஒரு குவியல் இருக்கிறது, சாமான் கணக்கிலிருந்து கழிக்க அனுமதி வராததால் எறியவும் முடியாது.

அப்புறம் வெயில். 2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அன்றைக்கு விடுமுறை. ஜூன் வெயிலுக்கு அப்படி விடுமுறை கிடையாது. 2023-ல் ஜூன் 1-ல் திறக்க வேண்டிய பள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14-ல்தான் திறந்தார்கள். ஜூனில் மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கிற நாட்களில் கடல்காற்று சாயங்காலம் வரைக்கும் உள்ளே வராது. மேல்தளத்து வகுப்பில் மதியம் இரண்டு மணிக்கு மேல் பாடம் நடத்துவது பாவம். பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களில் தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். அந்தத் தளத்துக்கு அடியில் நின்றால் வித்தியாசம் தெரியும். இப்போது வெறும் காங்கிரீட் தளம், அதன்மேல் ஒரு சிமென்ட் பூச்சு. அந்தத் தம்பியின் வரைபடத்தில் மொட்டை மாடி பற்றி ஒரு வரி இல்லை. உள்ளே சுவருக்கு நாலு நிறம், மேலே ஒன்றுமில்லை. காசு குறைவாக இருந்தால் முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளைத் தட்டோடோ வெள்ளைப் பூச்சோ போடுங்கள். மெத்தையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜன்னல் விஷயத்தில் ஒரு சண்டை போட்டே ஆக வேண்டும். புதுப்பிக்கிற இடமெல்லாம் இழுத்துத் திறக்கிற ஜன்னல் வைக்கிறீர்கள். அது எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறக்கும், மறு பாதியில் கண்ணாடி நிற்கும். பழைய இரட்டைக் கதவு ஜன்னல் முழுசாகத் திறக்கும். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு இருந்தால் காற்று ஓடும். தாழ்வாரத்துப் பக்கம் சத்தம் வருகிறது என்று அந்தப் பக்கத்தை அடைத்தே விடுகிறார்கள். வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்தால் வெயில் வராது என்று உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கலாம். சென்னைக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சி வெயில் தலைக்கு வடக்கே நின்றுதான் அடிக்கிறது. வடக்கு ஜன்னலுக்கும் ஒரு சன்ஷேட் வேண்டும். மேற்குச் சுவருக்கு வெளியே இடம் இருந்தால் ஒரு புங்கை மரம் வையுங்கள். ஃபேனை மாற்றினால் பழைய 75 வாட் இடத்தில் 30 வாட் அளவில் ஓடுகிற புது வகை கிடைக்கிறது, அதில் கரகர சத்தமும் குறைவு. பேசிப் படிக்கிற வகுப்பில் ஃபேன் சத்தம் எவ்வளவு தொந்தரவு என்று நாள் முழுக்கக் கத்திப் பாடம் நடத்திய தொண்டைக்குத்தான் தெரியும். எதிரொலிக்குச் சுவரில் கொஞ்சம் கயிற்றுப் பாய் மாட்டிப் பார்த்திருக்கிறோம், பரவாயில்லாமல் இருந்தது.

பாய் மாட்டுவதைச் சொல்லும்போதே பயமும் வருகிறது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் ஓலைக் கூரை போனது. போக வேண்டியதுதான். அந்த வாரம் எங்கள் பள்ளியில் மாடிக் கதவின் பூட்டைக் கழற்றி எறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் ஸ்பாஞ்சு மெத்தை, தெர்மோகோல் அலங்காரம், நடுவில் இழுத்து மூடுகிற தடுப்பு என்று வரைகிறபோதெல்லாம் பிள்ளைகள் எந்த வழியாக ஓடுவார்கள் என்றும் வரையுங்கள். மேசையை எப்படி நகர்த்தினாலும் வாசலுக்குப் போகிற வழி மறையாமல் இருக்க வேண்டும். அந்த வழி சக்கர நாற்காலி போகிற அகலத்துக்கு இருக்கட்டும். வாசலில் சாய்தளம் கட்டிவிட்டு உள்ளே பெஞ்ச் நடுவில் திரும்ப முடியாமல் நிற்க வைக்கிறோம்.

கடைசியாகக் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முப்பது அறையை ஒரே டெண்டரில் மாற்றுவதற்கு முன், ஒரு பள்ளியில் ஒரு அறையை மட்டும் மாற்றுங்கள். ஒரு ஜூனும் ஒரு நவம்பரும் அது தாங்கட்டும். அந்த அறையில் பாடம் நடத்துகிறவரையும், அதைப் பெருக்குகிற ஆயா அம்மாவையும், அதில் படிக்கிற ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையையும் உட்கார வைத்துக் கேளுங்கள். தலைமையாசிரியர் அறையில் காபி குடித்துக்கொண்டே கேட்டால் என்னை மாதிரி "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் சொல்வார்கள். வகுப்பிலேயே கேளுங்கள், மதியம் இரண்டு மணிக்கு, மேல்தளத்தில்.

அந்தத் தம்பி மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் நான் செவ்வாய், வியாழன் அங்கேதான் இருப்பேன். அளவு நாடாவும், வாங்கப் போகிற மேசையில் ஒன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தூக்கிப் பார்க்க நாலாம் வகுப்பில் இரண்டு பேரைச் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை